மறுபடியும் அதே பல்

உடல்நலம்

வேர் சிகிச்சை முடிந்த பல் பல ஆண்டுகள் கழித்து வலித்தால் பிடுங்குவது ஒன்றே வழியல்ல. மெல்லிய ஃபைல்களும் அதிர்வுக் கருவிகளும் மைக்ராஸ்கோப்பும் அதற்கு இரண்டாவது வாய்ப்பைத் தருகின்றன. ஆனால் எல்லாப் பற்களுக்கும் அல்ல.

"நரம்பைத்தான் அப்போதே எடுத்துவிட்டார்களே டாக்டர், பிறகு எப்படி வலிக்கும்?" பல் மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஐந்து வருடமோ பத்து வருடமோ முன்பு, நாலைந்து தடவை நடையாய் நடந்து, பணம் கட்டி, மேலே கேப்பும் போட்டு 'முடித்துவிட்ட' பல் அது. இப்போது கடித்தால் நோகிறது. ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருக்கிறது. சிலருக்கு அதுவும் இல்லை. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல் தெரிகிறது.

விடை எளிது: வலிப்பது பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு அல்ல, பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பும் அதையொட்டிய திசுக்களும். வேர்க் குழாய்க்குள் தங்கிவிட்ட கிருமிகள் நுனித் துவாரத்தின் வழியே நச்சை வெளியேற்றுகின்றன. உடல் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் அந்தக் கரைந்த எலும்பின் அடையாளம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: பிடுங்கிவிடலாம். "ஒரு தடவை செய்து பலனில்லை, இன்னொரு தடவை எதற்கு?" என்ற அலுப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் பல் மருத்துவத்தில் வேர் மறுசிகிச்சை என்பது இன்று தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பழைய அடைப்பை முழுவதும் அகற்றி, குழாயை மறுபடி சுத்தம் செய்து, புதிதாக அடைப்பதுதான் அது. கேட்கச் சுலபம். செய்வது, முதல் சிகிச்சையைவிடப் பல மடங்கு கடினம்.

ஏன் தோற்கிறது?

வேர்க் குழாய் என்றதும் நேரான ஒரு குழலை நினைத்துக்கொள்வது தவறு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஹெஸ் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுகவைத்து, பிறகு பல்லைக் கரைத்து, உள்ளே இருக்கும் வடிவத்தை அச்சாக எடுத்துக் காட்டினார். அதில் தெரிந்தது குழல் அல்ல. கிளைகளும் சந்துகளும் குறுக்கு இணைப்புகளும் கொண்ட ஒரு வலை. இதை எந்த ஃபைலும் முழுவதும் தொட்டுவிட முடியாது.

மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல் இதற்கு நல்ல உதாரணம். மூன்று வேர்கள், எனவே மூன்று குழாய்கள் என்றுதான் பல காலம் கருதப்பட்டது. உண்மையில் பாதிக்கும் மேற்பட்ட பற்களில், கன்னத்தை ஒட்டிய முன்பக்க வேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாய் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றை மட்டும் அடைத்துவிட்டால், நான்காவதில் கிருமிகள் நிம்மதியாகக் குடியிருக்கும். மறுசிகிச்சைக்கு வரும் மேல் கடைவாய்ப்பற்களில் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இந்த நான்காவது குழாயைத்தான்.

கிருமி இல்லாவிட்டால் நோயே இல்லை என்பதை 1965இல் அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் எலிகளை வைத்து நிரூபித்தார்கள். சாதாரண எலிகள் ஒரு பக்கம். பிறந்தது முதல் கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகள் மறுபக்கம். இரண்டுக்கும் பல்லில் துளையிட்டு உள்ளே இருக்கும் கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியற்ற எலிகளில் துளைக்குள் உணவு அடைத்துக்கொண்ட பிறகும் பற்கூழ் பிழைத்தது. துளையின் மேல் புதிய டென்டின் பாலமே கட்டிக்கொண்டது. அன்று முதல் வேர் சிகிச்சையின் இலக்கு தெளிவானது: கிருமியை வெளியேற்று, மீண்டும் நுழையாமல் தடு.

இரண்டாவது பாதியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குழாயை நன்றாக அடைத்தும், மேலே நிரந்தர அடைப்போ கேப்போ போடாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் எச்சில் கசிந்து உள்ளே இறங்கும். 1995இல் அமெரிக்காவில் ரே, ட்ரோப் என்ற இருவர் வேர் சிகிச்சை செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார்கள். குழாய் அடைப்பும் மேல் அடைப்பும் நன்றாக இருந்த பற்களில் 91 சதவீதத்துக்கு மேல் வேர் நுனியில் நோயின் அடையாளம் இல்லை. இரண்டும் மோசமாக இருந்தவற்றில் நோயில்லாதவை 18 சதவீதம்தான். வலி போனதும் கேப்பை மறந்துவிடும் நோயாளிக்கு இந்த எண்கள் ஓர் எச்சரிக்கை.

தோற்றுப்போன குழாய்களில் அடிக்கடி தென்படும் ஒரு கிருமி எண்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ். பட்டினி கிடந்து பிழைக்கத் தெரிந்தது. மற்ற கிருமிகளைக் கொல்லும் கால்சியம் ஹைட்ராக்ஸைடின் காரத்தையும் ஓரளவு தாங்கும். முதல் சிகிச்சையில் எதிர்கொள்ளும் கிருமிக் கூட்டம் வேறு. மறுசிகிச்சையில் எதிர்கொள்வது அதில் தப்பிப் பிழைத்தவற்றை.

முதலில் தீர்ப்பு

மறுசிகிச்சையில் மிக முக்கியமான கட்டம் கருவியை எடுப்பதற்கு முன்பே வருகிறது. இந்தப் பல் காப்பாற்றத் தக்கதா? வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை. பிடுங்குவதுதான் நேர்மையான சிகிச்சை. ஈறைச் சுற்றி ஓரிடத்தில் மட்டும் ஆழமாக ஒரு பை இறங்கியிருப்பது அப்படிப்பட்ட விரிசலுக்கு ஓர் அறிகுறி. கேப்பைத் தாங்கும் அளவுக்குப் பல்லின் மேல்பகுதி மிஞ்சியிருக்கிறதா என்பதும் கேள்வி.

நிழல் தெரிந்தாலே சிகிச்சை தேவை என்பதும் இல்லை. வேர் நுனியில் கரைந்த எலும்பு மெதுவாகத்தான் வளரும். ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், முழுதாக ஆறவில்லையென்றால் நான்கு வருடங்கள் வரை கண்காணிப்பதும் ஐரோப்பிய வேர் சிகிச்சை நிபுணர்கள் பின்பற்றும் வழக்கம். பழைய எக்ஸ்ரே இருந்தால் நிழல் சுருங்குகிறதா விரிகிறதா என்று ஒப்பிட முடியும். நம் நோயாளிகளிடம் பெரும்பாலும் இல்லாதது அந்தப் பழைய எக்ஸ்ரேதான்.

சாதாரண எக்ஸ்ரே ஒரு முப்பரிமாணப் பொருளின் தட்டையான நிழல். ஒரு வேருக்குப் பின்னால் இன்னொரு வேர் மறைந்துகொள்ளும். 1990களின் பிற்பகுதியில் வந்த கோன் பீம் ஸ்கேன் இந்தக் குறையைப் போக்கியது. தாடையைச் சுற்றிவந்து படமெடுத்து, பல்லை மில்லிமீட்டருக்கும் குறைவான சீவல்களாக வெட்டிக் காட்டும் இது, விட்டுப்போன குழாயையும் நிழலின் உண்மையான அளவையும் காட்டிக்கொடுக்கும். பெரிய நகரங்களில் இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய அடைப்பும் உலோகமும் படத்தில் கோடுகளைக் கிளப்பும் என்பதால் மெல்லிய விரிசலை இதுவும் தவறவிடக்கூடும். கதிர்வீச்சும் சாதாரணப் பல் எக்ஸ்ரேயைவிட அதிகம். எனவே எல்லோருக்கும் அல்ல, தேவைப்படுபவர்களுக்கு மட்டும்.

கதவை உடைப்பது

குழாய்க்குள் போவதற்கு முன் மேலே இருப்பதை நீக்கவேண்டும். கேப் நன்றாகப் பொருந்தியிருந்தால் அதிலேயே துளையிட்டு உள்ளே போவார்கள். ஓரங்களில் இடைவெளியோ சொத்தையோ இருந்தால் வெட்டி எடுத்துவிடுவதே மேல். பழைய கேப்பைக் காப்பாற்ற நினைத்து, அதன் அடியில் இருக்கும் சொத்தையைக் காப்பாற்றிவிடக் கூடாது.

பெரிய தலைவலி, வேருக்குள் இறக்கிப் பசையிட்டு ஒட்டிய உலோகத் தண்டு. போஸ்ட் என்பார்கள். இதைப் பலவந்தமாக இழுத்தால் வேர் பிளக்கும். இங்கேதான் அல்ட்ராசானிக் கருவி கைகொடுக்கிறது. விநாடிக்கு 25,000 முதல் 40,000 தடவை அதிரும் மெல்லிய உலோக முனையைத் தண்டின் பக்கத்தில் வைத்துச் சுற்றிவந்தால், பசை பொடிப்பொடியாக உதிர்ந்து தண்டு ஆட்டம் காணும். அதிர்வு சூட்டையும் கிளப்பும். எலும்பு 47 டிகிரி செல்ஷியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமடையத் தொடங்கும் என்று 1983இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் தண்ணீர் பீய்ச்சியபடி, இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும். அவசரக்காரர் கையில் இதே கருவி ஆபத்து.

மலேயா மரத்துப் பிசின்

தண்டு போனபின் தெரிவது ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பொருள்: கட்டாபெர்ச்சா. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இது. நம் இலுப்பையும் சப்போட்டாவும் அந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1843இல் சிங்கப்பூரிலிருந்து மாண்ட்கோமரி என்ற டாக்டர் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சில வருடங்களிலேயே கடலுக்கடியில் போகும் தந்திக் கம்பிகளுக்கு உறையாகிவிட்டது. 1870இல் பம்பாயை லண்டனோடு இணைத்த கடல் தந்தியும் இந்தப் பிசினைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தது. பல் மருத்துவத்தில் வேர்க் குழாயை அடைக்க இதைப் பயன்படுத்தியவர் என்று 1867ஆம் ஆண்டு அமெரிக்கரான பௌமனைக் குறிப்பிடுகிறார்கள். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இதை வெல்ல ஒரு பொருள் வரவில்லை. இன்றைய குச்சிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் பிசின். மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு.

அதன் மிகப்பெரிய நல்ல குணமே, தேவையானால் வெளியே எடுத்துவிடலாம் என்பதுதான். சூடு காட்டினால் இளகும். சில திரவங்களில் கரையும். இழுத்தால் வரும். மறுசிகிச்சையில் மருத்துவர்கள் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் கையாள்கிறார்கள்.

குழாயின் மேல் மூன்றில் ஒரு பங்கை, சூடேற்றிய முனையாலோ கேட்ஸ் கிளிடன் எனப்படும் மொட்டு வடிவத் துரப்பணத்தாலோ எடுப்பார்கள். அதற்குக் கீழே, ஹெட்ஸ்ட்ராம் ஃபைல். கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற இந்த ஃபைல், உள்ளே போகும்போது வெட்டாது, வெளியே இழுக்கும்போதுதான் வெட்டும். பழைய அடைப்புக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே இதை மெல்லச் செலுத்தி இழுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் முழுக் குச்சியும் பற்களில் மாட்டிக்கொண்டு ஒரே இழுப்பில் வந்துவிடும்.

வராவிட்டால் கரைப்பான்கள். இவற்றில் வேகமானது குளோரோஃபார்ம். ஆனால் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் 1976இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்துகளிலும் அழகுசாதனங்களிலும் இதைத் தடை செய்தது. பல் மருத்துவத்தில் சில துளிகள் பயன்படுத்துவது அந்தத் தடையில் நேரடியாக வரவில்லை என்றாலும் பலர் மாற்றுத் தேடினார்கள். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் ஒன்று. இன்னொன்று யூகலிப்டஸ் எண்ணெயின் சாரமான யூகலிப்டால். நீலகிரித் தைலம் என்று வீட்டில் தலைவலிக்குத் தடவும் அதே சரக்கின் சாரம்தான், வேர்க் குழாய்க்குள் பிசினை இளக்குகிறது. வேகம் குறைவு; பயமும் குறைவு. எந்தக் கரைப்பானானாலும் ஒரு சிக்கல் உண்டு. கரைந்த பிசின் மெல்லிய பூச்சாகச் சுவரில் படிந்துகொள்ளும். பக்கக் கிளைகளை அடைத்துக்கொள்ளும். எனவே அளவோடுதான் பயன்படுத்தவேண்டும்.

சுழலும் ஃபைல்கள்

1988இல் அமெரிக்காவில் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் ஆகியோர், பல் வரிசையைச் சீர்செய்யக் கட்டும் நிக்கல்-டைட்டானியம் கம்பியிலிருந்து ஒரு ஃபைலைச் செய்து பார்த்தார்கள். எஃகு ஃபைலைப் போல அது அடம்பிடிக்கவில்லை. வளைந்த குழாயில் வளைந்து போய், வெளியே வந்ததும் நிமிர்ந்துகொண்டது. இந்தக் குணத்தால்தான் ஃபைலை மோட்டாரில் பூட்டிச் சுழற்றுவது சாத்தியமாயிற்று. வேர் சிகிச்சையின் வேகம் அதன்பின் மாறியது.

மறுசிகிச்சைக்கென்றே தனி வரிசைகளும் வந்தன. புரோடேப்பர் வரிசையில் டி1, டி2, டி3 என்று மூன்று ஃபைல்கள். 16 மில்லிமீட்டர் நீளமுள்ள முதல் ஃபைலின் முனை மட்டும் வெட்டும் தன்மையுடையது. இறுகிய அடைப்பில் துளையிட்டு வழி உண்டாக்கும். குழாயின் நடுப்பகுதிக்கு 18 மில்லிமீட்டரில் இரண்டாவது. நுனிப் பகுதிக்கு 22 மில்லிமீட்டரில் மூன்றாவது. பின்னிரண்டின் முனைகள் வெட்டாது. வளைவில் தப்பு வழி போட்டுவிடக் கூடாது என்பதற்காக. சுழலும் ஃபைலின் உராய்வுச் சூட்டில் பிசின் இளகி, திருகுபோல் மேலேறி வெளியே வரும்.

பார்க்க மாயவித்தைபோல் இருக்கும். ஆனால் எந்த ஃபைலும் குழாயை முழுக்கக் காலிசெய்வதில்லை. பிடுங்கிய பற்களில் சோதித்த ஆய்வு ஒவ்வொன்றிலும் சுவரில் ஏதோ ஒரு மிச்சம் இருந்திருக்கிறது. அதனால் அனுபவசாலிகள் மோட்டாரோடு நிறுத்துவதில்லை. கையால் ஒரு சுற்று, அதிர்வுக் கருவியால் ஒரு சுற்று, மறுபடி எக்ஸ்ரே. நுனி எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல மின்தடையை அளக்கும் அபெக்ஸ் லொகேட்டர். 1962இல் ஜப்பானின் சுனாடா உருவாக்கிய கோட்பாட்டில் பிறந்த கருவி இது.

பிசின் அல்லாதவை

எல்லாப் பல்லிலும் கட்டாபெர்ச்சாதான் இருக்கும் என்று சொல்லமுடியாது. 1930களிலிருந்து சில பத்தாண்டுகள் வெள்ளிக் குச்சிகள் செல்வாக்கோடு இருந்தன. வளைந்த குழாயிலும் சுலபமாக இறங்கும்; எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் துருப்பிடித்து, அந்தத் துருவே சுற்றுத் திசுவுக்கு நஞ்சானது. வயதானவர்களின் வாயில் இன்னும் அபூர்வமாகத் தென்படும் இவற்றை நுனி மெலிந்த இடுக்கியால் பிடித்து, அதிர்வு கொடுத்து, இழுக்கிறார்கள்.

இன்னும் கஷ்டமானது ரஷ்யச் சிவப்பு. ரிஸார்சினாலையும் ஃபார்மலினையும் கலந்து குழாயில் விட்டால் செங்கல் நிறத்தில் கண்ணாடிபோல் இறுகும் பசை. ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பரவலாக இருந்த இந்த முறை சீனாவிலும் இந்தியாவிலும்கூடக் கையாளப்பட்டது. மலிவு, சீக்கிரம் முடியும். கூழை முழுவதும் எடுக்காமலே 'பதப்படுத்தி' விடலாம் என்பது அதன் தத்துவம். இறுகியபின் எந்தக் கரைப்பானுக்கும் சுலபத்தில் மசியாது. பல்லையே சிவப்பாக்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, அதிர்வு முனையால் துளித்துளியாகக் கொத்தி எடுப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

முறிந்த ஃபைல் எல்லா நோயாளிகளையும் பயமுறுத்தும் சொல். "உள்ளே கம்பி உடைந்து நிற்கிறது" என்று கேட்டதும் தூக்கம் போய்விடும். உண்மையில் கம்பியால் நோய் வருவதில்லை. அதன் அடியில் சுத்தம் செய்யாமல் விட்ட பகுதியால்தான் வரும். ஆகவே கேள்வி கம்பியை எடுப்பதா என்பதல்ல, அதைத் தாண்டிப் போக முடியுமா என்பதே. பக்கத்தில் மெல்லிய ஃபைலை நுழைத்துச் சுற்றுவழி போடுவது பழைய உத்தி. 0.06, 0.08, 0.10 மில்லிமீட்டர் முனையுள்ள ஃபைல்கள் இதற்கே இருக்கின்றன. எடுத்தே ஆகவேண்டுமென்றால், கம்பியைச் சுற்றி அதிர்வு முனையால் பள்ளம் பறித்து, கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழற்றித் தளர்த்துவார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மஸரான் கருவி, குழல்போன்ற துரப்பணத்தால் சுற்றிலும் வெட்டிக் கம்பியைக் கவ்வும். ஒவ்வொரு முயற்சியும் பல்லின் சுவரைச் சுரண்டி மெலியவைக்கும் என்பதால், நுனிக்கு அருகில் வளைவைத் தாண்டி முறிந்ததை விட்டுவிடுவதே பல நேரங்களில் புத்திசாலித்தனம்.

வேரின் பக்கவாட்டில் ஓட்டையே விழுந்துவிட்டாலும் முன்போல் கைவிரிக்கவேண்டியதில்லை. 1993இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபிநெஜாத் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற பொருள் அதை அடைக்கிறது. அடிப்படையில் வீடு கட்டும் போர்ட்லண்ட் சிமெண்டின் சுத்திகரித்த உறவினர். ஈரத்திலும் இறுகும், எலும்பு அதை எதிரியாக நினைப்பதில்லை.

வெளிச்சம், ரப்பர் திரை

இந்த வேலையையெல்லாம் வெறும் கண்ணால் செய்த காலம் இருந்தது. 1981இல் அமெரிக்காவில் அபோதெகர் பல் மருத்துவத்துக்கென்று ஒரு மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தபோது அதை வாங்க ஆளில்லை. 1990களில் நிலைமை மாறியது. இன்று 20 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கருவியின் அடியில், மூன்றுக்கும் நாலுக்கும் இடையே ஓடும் ஒரு மெல்லிய கோடுகூடத் தெரிகிறது. அந்தக் கோட்டின் முடிவில் மறைந்திருந்த குழாயும் கிடைக்கிறது. மறுசிகிச்சையில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது எந்த ஃபைலும் அல்ல, இந்த வெளிச்சம்தான்.

அதைவிட மலிவான, ஆனால் அதைவிடப் புறக்கணிக்கப்பட்ட கருவி ஒன்று உண்டு. 1864இல் நியூயார்க்கின் பார்னம் கண்டுபிடித்த ரப்பர் திரை. பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு மற்ற வாயை மூடிவிடும் மெல்லிய விரிப்பு. எச்சிலின் கிருமி உள்ளே போகாது; ஃபைல் தவறித் தொண்டைக்குள் விழாது; கழுவும் மருந்து நாக்கைச் சுடாது. கிருமியை வெளியேற்றவே செய்யும் சிகிச்சையை எச்சில் குளத்துக்குள் செய்வதில் அர்த்தமில்லை. இருந்தும் பல கிளினிக்குகளில் 'நேரமாகும்', 'நோயாளிக்குப் பிடிக்காது' என்ற சாக்குகளில் இது அலமாரியில் தூங்குகிறது.

காலிசெய்த குழாயைக் கழுவுவதுதான் சிகிச்சையின் உயிர். சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வீட்டில் தரை துடைக்கும் பிளீச்சின் உறவு, இறந்த திசுவைக் கரைத்துக் கிருமியைக் கொல்லும். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் பயன்படுத்திய அதே மருந்து. நுனிக்கு அப்பால் பீய்ச்சிவிட்டால் நொடியில் முகம் வீங்கித் துடிக்கவைக்கும் என்பதால் பக்கத் துவாரமுள்ள ஊசியால் மெதுவாகச் செலுத்தவேண்டும். சுவரில் படிந்த தூளை நீக்க 17 சதவீத ஈ.டி.டி.ஏ. பல நேரங்களில், ஓரிரு வாரங்களுக்குக் கால்சியம் ஹைட்ராக்ஸைடை உள்ளே வைத்து மூடி, அறிகுறிகள் அடங்கியபின் நிரந்தரமாக அடைப்பார்கள்.

எவ்வளவு நம்பலாம்?

1990இல் ஸ்வீடனின் உமியோவில் ஷோக்ரென் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 356 நோயாளிகளை 8 முதல் 10 வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். வேர் நுனியில் நோய் இல்லாத பற்களின் முதல் சிகிச்சை 96 சதவீதம் வெற்றி. நோய் இருந்தால் 86. நோயோடு மறுசிகிச்சைக்கு வந்த பற்களில் 62. மைக்ராஸ்கோப் பரவலாவதற்கு முந்திய கணக்கு அது. 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் மறுசிகிச்சையின் வெற்றி 83 சதவீதமாக இருந்தது. ஆக, பத்தில் எட்டு என்பது நியாயமான நம்பிக்கை. பத்துக்குப் பத்து என்று வாக்குக் கொடுப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

மேலிருந்து போகமுடியாதபோது, ஈறைத் திறந்து வேர் நுனியை மூன்று மில்லிமீட்டர் வெட்டி, பின்பக்கமாக அடைக்கும் அறுவை ஒன்று உண்டு. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி பழைய முறையில் இதன் வெற்றி 59 சதவீதம். மைக்ராஸ்கோப்பும் புதிய அடைப்புப் பொருட்களும் சேர்ந்தபோது 94. கடைசி வழி, பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட். அது நல்ல சிகிச்சைதான். ஆனால் விரிசல் இல்லாத, ஈறு உறுதியாக உள்ள பல்லுக்கு அது முதல் ஆலோசனையாக வந்தால், நோயாளி இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1910இல் கனடாவின் மாண்ட்ரீலில் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் தங்கும் கிருமிகளே உடலின் பல நோய்களுக்கும் காரணம் என்று முழங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் மூட்டுவலி முதல் மனநோய் வரை எதற்கும் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். நோய்கள் போகவில்லை, பற்கள்தான் போயின. அந்தக் கோட்பாடு அப்படியே நிற்கவில்லை என்றாலும், 'வேர் சிகிச்சை செய்த பல் உடம்புக்கு விஷம்' என்ற பயம் புதிய உருவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற நம் ஊர்ப் பயத்துக்கு இருக்கும் அதே ஆதாரம்தான் அதற்கும்.

இந்தியாவில் தடை பயம் மட்டுமல்ல, பணமும்கூட. மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை விபத்தால் வந்ததைத் தவிர மற்றப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளின் வேர் சிகிச்சைத் துறைகளில், முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் குறைந்த செலவில் இதே வேலையைச் செய்கிறார்கள். அதற்கு வேண்டியது பொறுமை. பொறுமையற்றவர்களின் வழி, மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது. குழாய்க்குள் ரத்த ஓட்டமே இல்லாதபோது மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வீக்கம் பரவுதல், காய்ச்சல் போன்றவை இல்லாமல், பல்லுக்கு உரிய சிகிச்சையும் கிடைக்கும் நிலையில், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் தெளிவாகவே அறிவுறுத்தியது. வலி அடங்குவது நோய் அடங்கியதன் அடையாளம் அல்ல.

மறுசிகிச்சைக்கு உட்காரும் முன் நோயாளி கேட்கவேண்டிய கேள்விகள் அதிகமில்லை. முதல் சிகிச்சை தோற்றதற்குக் காரணம் என்ன என்று தெரிகிறதா? விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? ரப்பர் திரை போடுவீர்களா? குழாயில் முறிந்த கம்பியோ வேறெதுவோ இருக்கிறதா? எத்தனை நாளில் கேப் போடவேண்டும்? சர்க்கரை நோய் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும், ஆறுவது தாமதமாகலாம். சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரேயின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது அவசியம். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளால் எரிச்சலடையமாட்டார். எரிச்சலடைபவரிடம் இரண்டாம் தடவையும் அதே பல்லை ஒப்படைக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.